கெம்பிக்காக இட்டுக்கொண்ட ஸ்ரீசூர்ணம்

அவரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அவர் அதுவாகிவிடுவார். மறுக்க மாட்டார்.

மைசூரு அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நான் சில வருடங்கள் குடியிருந்தேன். கீழ்ப்பகுதியில் அவர். ஐம்பதைத் தாண்டியவர், தனி ஆள், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்குத் தெருவில் மூன்று கதைகள் உலவின. ஒன்றில் அவர் கெட்டவர், ஒன்றில் தியாகி, மூன்றாவதில் வெறும் ஜாதகம். மூன்றும் அவர் காதுக்கு எட்டியிருந்தன.

"எது சார் நிஜம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"மூணுமே நன்னாத்தானே இருக்கு. இருக்கட்டுமே."

இந்த 'இருக்கட்டுமே'யை அவர் சொல்லும் விதம் ஒன்று உண்டு. கதவை இழுத்துச் சாத்தாமல், காற்று சாத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற மாதிரி. உலகம் தன்னைப் பற்றித் தப்பாக எழுதிக்கொண்டு போகிற பக்கங்களை அவர் ஒரு வாசகராக ரசித்துக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றும்.

ஒரு முகூர்த்த நாளில் அலுவலக நண்பரின் மகள் கல்யாணத்துக்குப் போனவர், ஒரே சாலையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சத்திரங்களில் தப்பான சத்திரத்துக்குள் நுழைந்துவிட்டார். வாசலில் பன்னீர் தெளித்தவர்கள் முகம் மலர்ந்தது. பிள்ளையின் பெரியப்பா ஏதோ கோபத்தில் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாராம். இவர்தான் அவர் என்று பெண் வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளை வீட்டாரோ இவரைப் பெண் வீட்டுப் பெரியவர் என்று எண்ணி நாற்காலி போட்டார்கள். மணமக்கள் காலில் விழ, அட்சதை போட்டு, இரண்டாம் பந்தியில் சாப்பிட்டு, தேங்காய்ப் பையோடு வீடு வந்து சேர்ந்தார்.

"சத்திரம் மாறிப்போச்சுன்னு சொல்லியிருக்கலாமே சார்!"

"எப்படிச் சொல்றது? பொண்ணோட அப்பா என் கையைப் பிடிச்சிண்டு, கோவத்தை எல்லாம் மறந்து வந்தேளேன்னு கண்ல ஜலம் விட்டுட்டார். நானும் மறந்துட்டேன்னேன்."

இது சிரிக்கக்கூடியது. இன்னொன்று அப்படி இல்லை. பேருந்து நிலையத்தில் ஒரு அம்மாள், என் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய் பதிலே சொல்லாத மனுஷன் நீதானே என்று இவர் சட்டையைப் பிடிக்காத குறையாகத் திட்டினாள். நான் கூட நின்றிருந்தேன். கன்னடத்தில் அத்தனை வசவு ஒரே மூச்சில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இவர், "தப்பாயிடுச்சு தாயி" என்று கை கூப்பினார். அந்த அம்மாள் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போனாள்.

எனக்குக் கோபம். "நீங்க இல்லைன்னு சொல்ல ஒரு வார்த்தை போதுமே?"

"அந்த ஒரு வார்த்தையால அவளுக்கு என்ன பிரயோஜனம்?"

இது பெரிய மனசா, சோம்பலா? நான் இரண்டு பக்கமும் பல நாள் வாதாடிப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு வந்ததில்லை.

அவர் நெற்றியில் இருந்த ஸ்ரீசூர்ணமே இப்படி வந்ததுதான். அந்த மெல்லிய சிவப்புக் கோட்டின் சரித்திரத்தை அவரே ஒருநாள் காபியோடு சொன்னார். வேலையில் சேர்ந்த முதல் நாள் அங்கிருந்த மேலாளர், "மேலுகோட்டை ஐயங்கார்னு சொன்னாங்க, நெத்தி காலியா இருக்கே?" என்றாராம். இவருடைய முன்னோர் மேலுகோட்டையை விட்டு எந்தக் காலத்திலோ வந்துவிட்டார்கள். பெருமாளைப் பற்றி இவருக்குப் புகாரும் இல்லை, பழக்கமும் இல்லை. மறுநாள் கோடு போட்டுக்கொண்டு போனார். அந்த மேலாளர் மாற்றலாகிப் போய், ஓய்வு பெற்று, காலமும் ஆகிவிட்டார். கோடு நின்றது. வெளியே கிளம்பும்போது மட்டும் இட்டுக்கொள்வார், வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொள்வார். நமக்குச் செருப்பு எப்படியோ, அவருக்கு அது.

கெம்பியும் ஒரு கேள்வியால் வந்தவள்தான். ஊரடங்கு நாட்களில், தெரு துடைத்துவைத்த தட்டு மாதிரிக் கிடந்தபோது, ஒரு செம்மண் நிறக் குட்டி எங்கிருந்தோ வந்து அவருடைய ஓடாமல் நின்றிருந்த ஸ்கூட்டரின் நிழலில் படுத்துக்கொண்டது. ரோந்து வந்த போலீஸ்காரர், "நாயி நிம்மதா?" என்று கேட்டார், உங்கள் நாயா என்று. "ஹௌது" என்றுவிட்டார் இவர். ஆமாம் என்று சொன்ன பிறகு ஆமாம் தானே. உள்ளே தூக்கிக்கொண்டு போனார். கன்னடத்தில் சிவப்பிக்கு வைக்கிற பெயரையே வைத்தார்.

வீட்டிலிருந்தே அலுவலகம் நடந்த அந்த மாதங்களில் அவர் மடியில் ஒரு பக்கம் மடிக்கணினி, மறுபக்கம் கெம்பி. அவள் பார்த்த உலகத்தில் அந்த மனிதர் எங்கும் போவதே இல்லை. சூரியனைப் போல ஒருவர், ஆனால் அஸ்தமிக்காதவர். பிறகு அலுவலகம் திறந்தது.

அவள் போட்ட ஓலத்தை எப்படி எழுதுவது? குரைப்பு இல்லை. குரைப்புக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். இது ஆள் இல்லாத இடத்தைப் பார்த்துப் போடுகிற சத்தம்; கீழே தொடங்கி, நூல் பிரிகிற மாதிரி மேலே போய், அறுந்து, மறுபடி கீழே. மாடியில் மொழிபெயர்ப்பு வேலையோடு உட்கார்ந்திருக்கும் நான் சாவியோடு ஓடுவேன். கதவைத் திறந்தால் என்னைத் தெருவிளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, என் கால்களுக்கு நடுவே வாசலைத் தேடுவாள். கதவின் அடிப்பக்கம் பிறாண்டிப் பிறாண்டி வெள்ளை மரம் தெரிந்தது. நகத்தில் ரத்தம்.

எதிர்வீட்டில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். ஓய்வு பெற்ற பௌதிகப் பேராசிரியர், விடியுமுன்பே பன்னிரண்டு திருமண்ணும் தரித்துக்கொண்டு பால்கனியில் உட்காருபவர். தெருவில் எது நடந்தாலும் அதற்குக் காரணம் சொல்லாமல் அவருக்குத் தளிகைச் சாதம் இறங்காது. மார்கழி பிறக்கச் சில நாள் இருக்கும்போது இறங்கி வந்தார்.

"ஏன் ஸ்வாமி, யாரோ போயிட்டாப்பல நாள் பூரா ஓலம் போடறதே அது. நாலு பேர் கேக்கறா."

பேராசிரியர் அதோடு நிறுத்தவில்லை.

"தனுர்மாசம் வரது. பெருமாள் எழுந்தருள்ற தெரு. சங்கராந்திவரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கு அப்புறம் ஒண்ணு அது போகணும், இல்லேன்னா நீங்கோ ரெண்டு பேரும் வேற ஆம் பாத்துக்கணும். ஸ்வல்ப யோசிங்கோ."

வழக்கமான அந்த 'இருக்கட்டுமே'யை எதிர்பார்த்து நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். வரவில்லை. அன்று சாயங்காலம் முதல் முறையாக என் கதவைத் தட்டினார். கெம்பி அவர் முழங்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இவளைக் கொண்டுபோய் எங்கேயாவது விடணும்னா எனக்கு முடியாது. வேற ஆமும் எனக்குக் கிடைக்காது. நாயோட வர பிரம்மச்சாரிக்கு யார் தரா? என்ன பண்ணலாம், சொல்லுங்கோ."

நான் அழைத்துப் போய்க் காட்டிய கால்நடை மருத்துவர் குண்டலுபேட்டைப் பெண். சின்ன வயசு, பேச்சில் சுற்றுவளைப்பே இல்லை. அம்மா வழியில் கொஞ்சம் தமிழ் இருந்தது.

"மருந்து அப்புறம் பாக்கலாம் சார். கெளம்பறதுக்கு முன்னாடி நீங்க என்னென்ன பண்றீங்க? சாவி, பை, ஷூ? அதுல எதைப் பாத்து இவளுக்கு பயம் ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிங்க. அப்புறம் அதையே தினம் பண்ணுங்க. ஆனா கெளம்பாதீங்க."

"கிளம்பாம எதுக்குப் பண்ணணும்?"

"அதுக்கு அர்த்தமே இல்லேன்னு அவளுக்குத் தெரியணும் அல்லவா? ஹெல்மெட் போட்டுட்டு உக்காந்து பேப்பர் படிங்க. போகும்போது கொஞ்சாதீங்க, வந்ததும் கொஞ்சாதீங்க. கண்ணைப் பாக்கவே பாக்காதீங்க. நக்கறதுக்கு ஏதாவது குடுங்க, அதுலயே நேரம் போகும்."

ஞாயிற்றுக்கிழமை சோதனை. நான் கூடத்தில் உட்கார்ந்து கெம்பியைப் பார்ப்பது, அவர் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகச் செய்வது. சாவியைக் குலுக்கினார், ஒரு காது எழுந்து விழுந்தது. ஹெல்மெட், வாலை ஆட்டினாள். பேண்ட்டும் பெல்ட்டும் ஒன்றும் செய்யவில்லை. ஷூவை அவள் தன்னுடையதாகவே கருதினாள். பிறகு அறைக்குள்ளிருந்து, கேட்டும் கேட்காததுமாக, ஒரு சின்னத் தகர டப்பாவின் மூடி 'டக்' என்றது. கெம்பி மேசைக்கு அடியில் போய்விட்டாள். உடம்பு முழுக்க நடுங்கியது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது.

அவர் வெளியே வந்தார். நெற்றியில் ஈரமான சிவப்புக் கோடு. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இதைப் பாத்து ஜனங்க கன்னத்துல போட்டுண்டிருக்கா. நடுங்கினது இவ ஒருத்திதான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொள்ளுதல் ஒரு தொழிற்சாலை போல நடந்தது. முதலில் டப்பாவைத் திறந்து மூடுவது மட்டும். பிறகு கோடு போட்டுக்கொண்டு, நாற்காலியில் அசையாமல் உட்காருவது. கெம்பியின் கண்ணைப் பார்த்துவிடாமல் இருக்கத் தன் கண்ணையே மூடிக்கொள்வார். அவள் அமைதியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருப்பார். அடங்கியதும் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி டப்பா. காலை ஒரு சுற்று, அலுவலகத்திலிருந்து வந்ததும் ஒரு சுற்று, லீவு போட்ட நாட்களில் நாள் முழுக்க. கொஞ்சம் பழகியதும் பின்கட்டு வழியாக வெளியே போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வருவது. நக்குவதற்குத் தேங்காய்க் கொட்டாங்குச்சியில் தயிர்சாதத்தை அப்பி, குளிர்பெட்டியில் இறுக வைத்துத் தரையில் வைப்பார். கெம்பி அதைக் கூடம் முழுக்க உருட்டிக்கொண்டு போவாள்.

சீக்கிரமே ஒரு காலை, மூடி 'டக்' என்றபோது, கெம்பி கொட்டாவி விட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டு மறுபடி திறந்து காட்டினார். ஒருவர் வெற்றியை இவ்வளவு சின்ன டப்பாவுக்குள் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தக் கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே பேராசிரியரின் பால்கனி இருந்ததை நாங்கள் யாருமே கணக்கில் எடுக்கவில்லை.

அங்கிருந்து கெம்பி தெரியமாட்டாள். நாற்காலிக்கு மேல் மட்டும் தெரியும். விடியும் முன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் ஸ்ரீசூர்ணம் தரிக்கிறார். கண்ணை மூடி உட்காருகிறார். உதடு அசைகிறது. எழுந்து முகம் கழுவி, மறுபடி தரிக்கிறார். மறுபடி உதடு அசைகிறது. மார்கழி வேறு. பௌதிகம் படித்தவருக்கு இதற்குமேல் என்ன சாட்சியம் வேண்டும்?

அவர் வீட்டு மாமி ஒருநாள் மாடிப்படியில் என்னை மறித்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"ஏம்மா, நிஜமாவா? கொட்டாங்குச்சியிலதான் சாப்பிடறாராமே? தரையில வெச்சு? எங்காத்துல வேலை செய்யறவ சொன்னா."

"மாமி, அது கெம்பிக்கு..."

"கேட்டதுலேர்ந்து எங்காத்துக்காரர் வெள்ளித் தட்டே வேண்டாங்கறார்."

தெரு மாறியது. அவர் ஸ்கூட்டரை உதைக்கும்போது பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பால்காரர் தண்ணீர் கலப்பதைக் குறைத்தார் என்பது என் அனுமானம்; பால் கெட்டியானது மட்டும் உண்மை. சங்கராந்திப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் சொன்னேன்: "சார், உங்களுக்குப் பக்தி முத்திப்போச்சுன்னு ஊர் முழுக்கப் பேச்சு." அவர் கெம்பியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நல்லதாப் போச்சு. இருக்கட்டுமே." அந்த ஒரு முறை நானும் அவரோடு ஒத்துப்போனேன். ஒரு தப்பபிப்பிராயம் ஒரு நாயைக் காப்பாற்றுமானால், அதைத் திருத்த நான் யார்?

மார்கழி பாதியில் பேராசிரியர் வந்தார். கூடவே கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியிலிருந்து ஒரு பெரியவர், கையில் பழத்தட்டு. நான் கீழேதான் இருந்தேன், கொட்டாங்குச்சிக்குச் சாதம் பிசைந்துகொண்டு.

"ஸ்வாமி, இத்தனை நாள் உங்களைத் தெரிஞ்சுக்காம போனது எங்க அபசாரம்" என்றார் பேராசிரியர். "நாளைக்குக் காலம்பற கோஷ்டியில நீங்கோ வந்து உக்காரணும். மறுக்கப்படாது."

இவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அவருடைய அகராதியில் அது சம்மதம்.

"அப்புறம் இன்னொண்ணு. இவ்வளவு அனுஷ்டானம் இருக்கிறவர் ஆத்துல இந்த நாய் எதுக்கு? நீங்கோ சங்கோஜப்படறேள், தெரியறது. குண்டலுபேட்டைக்குப் பக்கத்துல எங்க தோட்டம் இருக்கு. நாளன்னிக்கு வண்டி போறது, ஏத்தி அனுப்பிடலாம். அதுக்கும் ஒரு இடம், உங்களுக்கும் ஒரு தடங்கல் விட்டது."

எந்தப் புகழ் அவளைக் காப்பாற்றியதோ அதே புகழ் இப்போது வண்டி பிடித்துக்கொண்டு வந்து நின்றது. கெம்பி பழத்தட்டை முகர்ந்தாள். பெரியவர் தட்டை உயரத் தூக்கினார்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்யப்போகிறவரின் முகம். தொண்டையைச் செருமினார்.

"நீங்கோ நினைக்கறது தப்பு."

"என்ன ஸ்வாமி?"

"நான் பக்திமானெல்லாம் இல்லை. கோஷ்டியில ஒரு வரி எனக்குத் தெரியாது. இந்த ஸ்ரீசூர்ணத்தை நான் தினம் இத்தனை தடவை இட்டுண்டது பெருமாளுக்காக இல்லை. இந்த நாய்க்காக. இதைப் பாத்தா அதுக்குப் பயம். பயம் போகணும்னு இட்டுண்டேன். கண்ணை மூடிண்டு ஜபம் பண்ணலை, எண்ணிண்டிருந்தேன். கொட்டாங்குச்சியில சாப்பிடறதும் அதுதான், நான் இல்லை."

ஒரு மனிதர் முதல் முறையாகத் தன்னை விளக்கி முடித்திருந்தார். பேராசிரியர் கோஷ்டிப் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் பேராசிரியரைப் பார்த்தார். இருவர் கண்ணிலும் நீர்.

"கேட்டேளா?" என்றார் பெரியவர், குரல் தழுதழுக்க. "நைச்சியம்!"

வைணவர்களின் பேச்சில் நைச்சியம் என்பது தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பணிவு. நாயினும் கடையேன் என்று சொல்லிக்கொள்வது மகான்களின் வழக்கம். ஒருவன் தன்னைப் பற்றி எவ்வளவு மட்டமாகச் சொல்லிக்கொள்கிறானோ அவ்வளவு உயரத்தில் அவனை வைப்பார்கள். அந்த ஏணியில் இவர் ஒரே பாய்ச்சலில் உச்சிக்குப் போய்விட்டார்.

"ஐயோ, இல்லை" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கோ. நீங்க பாத்தேளே!"

"ஆமாம் சார்" என்றேன் பேராசிரியரிடம். "சத்தியமா நாய்க்காகத்தான். டாக்டர் சொன்னதுதான். நானே கூட இருந்தேன்."

பேராசிரியர் என்னைக் கனிவோடு பார்த்தார். "பாத்தேளா, கீழாத்துக்காரரோட குணம் மாடி வரைக்கும் ஒட்டிண்டுடுத்து."

பழத்தட்டு தரைக்கு இறங்கியது. நாய்க்காகத் திருமண் காப்பு தரித்தேன் என்று சொல்லும் மனசு யாருக்கு வரும், அப்படிப்பட்டவர் ஆத்தில் இருக்கும் ஜீவனை வண்டியில் ஏற்றுவதாவது என்று பெரியவர் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கெம்பி ஒரு வாழைப்பழத்தைத் தோலோடு எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போனாள். தோட்டம் ரத்து. கோஷ்டி மட்டும் நிச்சயம்.

அவர்கள் போன பிறகு அவர் வெகுநேரம் நாற்காலியில் இருந்தார். "நிஜத்தைச் சொன்னா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். அதில் முணுக் என்று ஒரு கோபம்கூட இருந்தது. அவரிடம் நான் முதலில் பார்த்த கோபம்.

மறுநாள் விடியலில் நானும் கோயிலுக்குப் போனேன், தெருக்கோடிதானே. மைசூருப் பனி கல்தரையிலிருந்து உள்ளங்காலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வரிசையாக எதிரெதிரே கோஷ்டி; ஒவ்வொரு வாயிலிருந்தும் பாசுரமும் புகையும். அவர் கடைசியில், பேராசிரியருக்குப் பக்கத்தில். முழுத் திருமண், பஞ்சகச்சம், தோளில் உத்தரீயம். ஒரு வரி தெரியாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். பார்க்க அவ்வளவு பாந்தமாக இருந்தது.

கோஷ்டி மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அது கேட்டது. நூல் பிரிகிற மாதிரி மேலே ஏறுகிற அந்தச் சத்தம்.

எனக்கு உடனே புரிந்தது. கெம்பி பழகியிருந்தது அலுவலகம் போகிறவருக்கு. சிவப்புக் கோடு, பேண்ட், ஹெல்மெட், ஸ்கூட்டர். அந்த மனிதர் போனால் வருவார் என்று கற்றுக்கொண்டிருந்தாள். இருட்டில் ஈரத்தலையோடு, வெள்ளை நெற்றியும் வெறும் காலுமாக நடந்துபோன இந்த மனிதரை அவளுக்குத் தெரியாது. இவர் திரும்பி வருவார் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

கோஷ்டியில் ஒருவர் முகத்திலும் எரிச்சல் இல்லை. போன மாதம் காதைப் பொத்திக்கொண்டவர்கள் இப்போது தலையை ஆட்டினார்கள். பேராசிரியர் அவர் பக்கம் சாய்ந்து சொன்னது பெண்கள் நின்ற இடம் வரை கேட்டது.

"கேட்டேளா ஸ்வாமி? அதுவும் சேவிக்கிறது."

சுற்றிலும் புன்னகை. அவருக்கு அதைவிடப் பெரிய வசதி இனி எந்த ஜன்மத்திலும் வாய்க்காது. எவ்வளவு ஓலமிட்டாலும் கெம்பியை இனி யாரும் விரட்ட மாட்டார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

அவர் எழுந்தார். கோஷ்டி நடுவில் எழுவது கிடையாது. பேராசிரியர் உத்தரீயத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டார். "சாத்துமுறை ஆகலையே ஸ்வாமி!"

"அது சேவிக்கலை" என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அழறது."

உத்தரீயம் பேராசிரியர் கையிலேயே நின்றுவிட்டது. பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் தெருவில் ஓடினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். கெம்பி அவர் மடியில் முகத்தைச் சொருகியிருந்தாள். முதுகு, வால், கால் என்று தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே பேராசிரியர் வந்தார், மூச்சிரைக்க, உத்தரீயத்தைக் கையில் பிடித்தபடி. முந்தின நாள்கூட அவர் கெம்பிக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. குனிந்து பார்த்தார். பிறகு, மடி ஆசாரத்தைப் பற்றிய யோசனை ஒன்று வந்து போவது முகத்தில் தெரிய, ஒரு கையை நீட்டி நாயின் முதுகில் வைத்தார்.

"ஐயோ, இப்படி நடுங்கறதே! குளிரா?"

"பயம்."

பேராசிரியர் கையை எடுக்கவில்லை. கதவின் அடியில் வெள்ளையாகப் பிறாண்டிக் கிடந்த மரத்தைப் பார்த்தார். புதிதாக ஒட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தார். அப்புறம் அவர் நெற்றியை.

"அப்போ நீங்கோ நேத்து சொன்னது..."

"ஆமாம்."

தெருக்கோடியில் பாசுரம் முடிந்ததற்கான சாற்றுமுறை மணி அடித்து ஓய்ந்தது.

"நான் வேற மாதிரி நினைச்சேன்" என்றார் பேராசிரியர். கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது குரல். பிறகு அந்த உத்தரீயத்தைக் கெம்பியின் மேல் போர்த்தினார். "சரி, இப்போ இதுக்கு என்ன பண்ணணும்?"

"முதல்லேர்ந்து பழக்கணும். இந்த வேஷத்தோட வெளில போய்க் கதவைச் சாத்திண்டு நிக்கணும். அழறதுக்கு முன்னாடி உள்ளே வந்துடணும். பேசக்கூடாது."

"அவ்வளவுதானா? எவ்வளவு நாள்?"

"தெரியாது."

"சங்கராந்தி அது பாட்டுக்கு வந்துட்டுப் போறது" என்றார் பேராசிரியர், எழுந்து கச்சத்தை உதறிக்கொண்டு. "நானும் நிக்கறேன். இப்படிக் கட்டிண்டவாளைப் பாத்தாலே பயம்னா, ஒருத்தருக்கு ரெண்டு பேரா பாத்துப் பழகட்டும்."

நான் தெருவுக்கு வந்துவிட்டேன். இருவரும் வெளியே வந்தார்கள். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. பனியில், முழுத் திருமண்ணோடு, திறந்த மார்பும் பஞ்சகச்சமுமாக, இரண்டு பேர் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு வாய் பேசாமல் நின்றார்கள். பேராசிரியர் நன்றாகக் கேட்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார்.

கூடையோடு அந்த வழியே வந்த பூக்காரம்மா அவர்களைப் பார்த்துவிட்டு நின்றாள். கூடையை இறக்கி வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் கதவை நோக்கிக் கை கூப்பினாள்.

உள்ளே சத்தமே இல்லை.